உன் சுவரை உடைத்தது நான்தான்

நைனா,

வேப்பம்பட்டில் நாங்கள் இரண்டு பேரும் சௌக்கியம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் ஈரம் பட்டதற்கு இன்னும் கோபித்துக்கொண்டிருக்கிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீயும் நானும் பேசினால் வாய் இரண்டு இருக்கும், காது ஒன்றுகூட இருக்காது. நேற்று மேஸ்திரி அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு நீ பெங்களூரிலிருந்து பேசினாயே, "என் மனைச் சுவரை ஒடச்சவன் மேல போலீஸ்ல கம்ப்ளைன்ட் குடுக்காம விட மாட்டேன், எதிர்வீட்டு லோகநாதன் வேலைதான் இது" என்று, அதோடு வைத்தும் விட்டாய். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த ஆத்திரம் உனக்கு என் வழியில் வந்தது என்பதால் நான் ரொம்பவும் பேச முடியாது. ஆனாலும் கம்ப்ளைன்ட் எழுத உட்காரும் முன் தெரிந்துகொள். சுவரை உடைத்தது நான்தான். கடப்பாரை லோகநாதனுடையது, கை என்னுடையது. பெயர், வயது, கணவர் பெயர் எல்லாம் உனக்கே தெரியும், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் ஏன் உடைத்தேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். டீ ஏதாவது போட்டுக்கொண்டு உட்கார்ந்து படி.

நம் தெருவில் ஒரு வீட்டின் வயதைத் தெரிந்துகொள்ளப் பத்திரம் பார்க்க வேண்டாம், வாசலைப் பார்த்தால் போதும். தெருவிலிருந்து இறங்கினால் பழைய வீடு, ஏறினால் புது வீடு. நாங்கள் இங்கே மனை வாங்கியபோது சுற்றிலும் நெல் வயல். உன் அப்பா காக்களூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார், நீ இடுப்பில் இருந்தாய். அன்றைக்கு நம் வீடுதான் இந்தத் தெருவிலேயே மேடு. பிறகு ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே இன்னொரு ரோடு, அதன் மேல் மற்றொன்று. புதிதாகக் கட்ட வந்தவர்கள் ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைவிட ஒரு அடியாவது உசத்திக் கட்டினார்கள். பக்கத்து வீடு முழுகினாலும் பரவாயில்லை, நம் வீடு முழுகக் கூடாது என்ற நியாயம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் கடைசியாகக் கட்டியிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். முதலில் கட்டிவிட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம். கடைசியாக வந்தவர் லோகநாதன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. லாரி லாரியாகக் கிராவல் கொட்டி, நம் ஜன்னல் உயரத்துக்குத் தரையை ஏற்றி, அதற்கு மேல் வீடு கட்டி, வண்டி ஏற்றத் தெருவை மறித்து ஒரு சரிவும் போட்டார். அந்த வருட மழையிலேயே தண்ணீர் நம் கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனது. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மொய் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தவள் நான். அவர் பெண்டாட்டி விஜயா எதிரே வந்தால் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு "ஹலோ ஹலோ" என்பேன். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் போன கோடையில், நீ வாங்கிப் போட்ட பக்கத்து மனையில் சுவர் எழுப்பினாய். எவனோ கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறான், லோகநாதன் வண்டி நிறுத்துகிறார், நாளைக்கு வீடு கட்டப் போகும் இடம், வேலி வேண்டும் என்றாய். நியாயம்தான். தெருத் தண்ணீர் அந்த மனை வழியாகத்தான் பின்னால் இருக்கும் கால்வாய்க்குப் போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னேன். "நம்ம எடம்மா. தண்ணிக்கு யாராவது பட்டா குடுத்திருக்காங்களா?" என்று கேட்டாய். நானும் சிரித்துவிட்டேன். என் பிள்ளை சம்பாதித்துக் கட்டிய சுவர் என்று எனக்கு உள்ளூரப் பெருமை. சாயங்காலம் சாயங்காலம் குழாய் பிடித்து அந்தச் சுவரை நனைத்து, பூச்சு வெடிக்காமல் வளர்த்தவளே நான்தான். அது எவ்வளவு உறுதியான சுவர் என்று எனக்குத் தெரிந்த அளவு உனக்குத் தெரியாது.

மழை கொட்டிய கதையை உனக்கு நாங்கள் முழுசாகச் சொல்லவில்லை. "தண்ணி வந்துச்சு, எதிர்வீட்ல இருந்தோம், வடிஞ்சிடுச்சு" என்று முடித்துவிட்டார் உன் அப்பா. நடந்தது அப்படி இல்லை. இரண்டு நாள் விடாத மழை. ஏரி நிரம்பி கோடி போகிறது என்று தெருமுனையில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள். ஏரியில் வழிவது எந்தப் பக்கம் வரும் என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அது வாசலுக்கு வந்து, படி இறங்கி, நம் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நேரே கூடத்துக்குப் போய்விட்டது. அரிசி டிரம்மைக் கட்டிலில் ஏற்றினேன், மிக்ஸியைப் பரணில் வைத்தேன், உன் அப்பாவைக் கட்டிலின் மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கரண்ட் இல்லை, செல் செத்துப்போயிருந்தது. பயமாக இருந்தது, நைனா. மறைக்க ஒன்றுமில்லை, ரொம்பப் பயமாக இருந்தது. அப்போதுதான் வாசலில் லோகநாதன் குரல் கேட்டது.

"எக்கா, இன்னும் இன்னா பாத்துக்கினு கீறே? அண்ணனைக் கூட்டினு கெளம்பு, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

"பரவால்ல. நாங்க இங்கியே இருந்துக்குறோம். இப்ப வடிஞ்சிடும்" என்றேன். தண்ணீர் அப்போது என் தொடையைத் தாண்டியிருந்தது.

அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "சரிக்கா, சண்டைய மேல போயி போட்டுக்கலாம். எனக்கு ஷிப்டும் இல்ல, டைம் நெறைய கீது" என்றார்.

உன் அப்பா நாற்காலியிலிருந்து சொன்னார், "நீ வேணா இங்க நின்னு கோவிச்சிக்கினு இரு மே. நான் போறேன்."

முழங்கால் மடங்காத மனிதரை எப்படிக் கொண்டுபோவது என்பதையும் லோகநாதன் யோசித்துத்தான் வந்திருந்தார். தன் வீட்டு பாத்ரூம் கதவைக் கழற்றி, தண்ணீர் பிடிக்கும் நீல டிரம்களை மூடி அதன் அடியில் கட்டி, ஒரு தெப்பம். அதன் மேல் நம் பிளாஸ்டிக் நாற்காலி, நாற்காலியின் மேல் உன் அப்பா, அவர் கையில் குடை. பின்னால் நான் நடந்தேன், முன்னால் லோகநாதன் கயிறு பிடித்து இழுத்தார். மாடிகளில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். "நம்ம கல்யாணத்துக்குக் கூட என்னை இவ்ளோ ஜோரா கூட்டினு வரல மே" என்றார் உன் அப்பா. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்தன்று அவர் டவுன் பஸ்ஸில்தான் வந்தார்.

விஜயா வாசலில் நின்றிருந்தாள். நான் என்ன பேசுவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே "எக்கா, இன்னிக்கி போன் எதுவும் வரலியா?" என்றாள். எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது! வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவள் துண்டும், தன்னுடைய பூப்போட்ட நைட்டி ஒன்றும் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அடுத்தடுத்து நம் இடது பக்கத்து வீட்டுக் குமாரி கைக்குழந்தையோடு வந்தாள், பள்ளத்து வீடுகளில் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அவரவர் காப்பாற்றிய அரிசி, பருப்பு, பாதி நனைந்த மிளகாய்த்தூள் எல்லாம் ஒரே அடுப்புக்குப் போனது. விஜயா ஆந்திரப் பக்கம், சத்தியவேட்டுப் பெண், பருப்புச்சாறு வைத்தால் ஊர் மணக்கும். குமாரி வேறு எதையும் எடுக்காமல் பழவேற்காட்டிலிருந்து அவள் அம்மா அனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். சனிக்கிழமை கவுச்சி சமைக்காத விஜயா வீட்டில் சனிக்கிழமை கருவாட்டுக் குழம்பு கொதித்தது. "சாமியே தண்ணில நின்னுக்கினு கீறாரு, இன்னிக்கி கணக்கு பாக்க மாட்டாரு" என்று விஜயாவே கிளறினாள். எந்த மேட்டைப் பார்த்து நான் இத்தனை வருடம் வயிறெரிந்தேனோ, அந்த மேட்டில் உட்கார்ந்து இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். உனக்குப் புத்தி சொல்கிறேன் என்று நினைக்காதே, நான் பட்டதைச் சொல்கிறேன். யார் வீட்டில் சாப்பிட மாட்டேன் என்று எழுந்து வருகிறோமோ, ஒரு நாள் அவர்கள் வீட்டில்தான் பசிக்கும்.

மறுநாள் காலை மழை விட்டது. எல்லோருக்கும் முகம் தெளிந்தது. ஆனால் தண்ணீர் இறங்கவில்லை, ஏறியது. ஏரியிலிருந்து வருவது நிற்கவே இல்லை. லோகநாதன் வீட்டுப் படிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. கடைசிப் படிதான் பாக்கி, அதற்கு மேல் கூடத்தில் அத்தனை சனமும் குமாரியின் குழந்தையும் இருந்தன. என்ன ஏது என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினோம். ஏறிய எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தோம். உன் சுவர். தெருப்பக்கம் தண்ணீர் அதன் பாதிக்கு மேல் முட்டிக்கொண்டு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் உன் மனையில் கணுக்கால் அளவுகூட இல்லை, ஒரு கொக்கு நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், நீ சுவர் எழுப்பாத பக்கத்தில், கால்வாய் இன்னும் கொள்ள இடம் வைத்துக்கொண்டு ஓடியது. குமாரி குழந்தையைத் தட்டிக்கொடுத்தாள், விஜயா துணி உலர்த்துகிற மாதிரி திரும்பிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்காமல் இருக்க அவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன். திட்டவில்லை, நைனா.

"லோகு, ஒடச்சிடு" என்றேன்.

"நான் கை வெக்க மாட்டேங்கா. வண்டி நிறுத்தினதுக்கே தம்பி போன்ல இன்னாமா கேட்டுச்சி. நாளைக்கி பேச்சு வரும்."

வரும் என்று அவர் சொன்னது சரிதானே? வந்துவிட்டது.

"அப்ப கடப்பாரைய என்கிட்ட குடு" என்றேன். உன் அப்பா கீழே ஜன்னலிலிருந்து கத்தினார், "வெள்ளம் தலைக்கு மேல போனா சாண் இன்னா, முழம் இன்னா? போய் ஒடச்சிட்டு வா மே!" இடுப்பில் கயிறு கட்டினார்கள். கயிற்றின் மறுமுனையை விஜயாவும் குமாரியும் பிடித்துக்கொண்டார்கள். அதே தெப்பத்தில் என்னை நிற்க வைத்து லோகநாதன் தள்ளிக்கொண்டு போனார். மனை போடும்போது முதல் கல்லை எடுத்து வைக்க வீட்டுப் பெரியவளைக் கூப்பிடுவார்கள். எடுத்துப்போடவும் கூப்பிட வேண்டிவந்தது, எலுமிச்சம்பழம் வைக்காததுதான் குறை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே குத்தினேன். அசையவில்லை. நான் ஊற்றி வளர்த்த சுவர், அவ்வளவு சீக்கிரம் அசையுமா? இன்னும் குத்தினேன், ஒரு கல்லின் மூலை பெயர்ந்தது. "போதுங்கா, சாஸ்திரம் முடிஞ்சிச்சி, வா இப்பால" என்று லோகநாதன் என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு அவரும் இன்னும் சிலரும் இறங்கி ஓங்கிக் குத்தினார்கள். சிறிது நேரத்தில் தண்ணீரே மிச்ச வேலையைப் பார்த்தது. ஒரு பக்கச் சுவர் அப்படியே சாய்ந்து, தெருவில் நின்றதெல்லாம் உன் மனை வழியாகக் கால்வாய்க்குப் பாய்ந்தது. மாடியில் எழுந்த விசிலைக் கேட்க நீ அங்கே இருந்திருக்க வேண்டும். எத்தனை பேர், என்ன உடை என்று போலீஸில் கேட்டால், முதல் குற்றவாளி பூப்போட்ட நைட்டியில் இருந்தாள் என்று எழுது. சாயங்காலத்துக்குள் லோகநாதன் வீட்டுப் படிகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன.

வெள்ளம் போன பிறகு சேறு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. முதல் நாள் அவரவர் வீட்டை அவரவர் கழுவ ஆரம்பித்தோம். மேட்டு வீட்டுச் சேறு அடுத்த வீட்டுக்கு, அடுத்த வீட்டுச் சேறு குமாரி வீட்டுக்கு, அவள் வீட்டுச் சேறு நம் வீட்டுக்கு. நான் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்று நான் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது. விஜயாதான் ஒரு வழி சொன்னாள். "எல்லாம் ஒரே டைம்ல கழுவுனா இப்டித்தான் பேஜாராவும். மேலேர்ந்து ஒவ்வொரு ஊடா கழுவிக்கினே எறங்குவோம். எல்லாரும் எல்லா ஊட்டுக்கும்." சரி என்றோம். அதாவது நம் வீடு கடைசி. லோகநாதன் வீட்டுச் சுற்றுப்புறத்தில் தொடங்கி ஒவ்வொரு வீடாக நானும் போய்த் தேய்த்தேன். ஒரு வீட்டு வாஷிங் மெஷினைத் திறந்தால் தண்ணிப்பாம்பு, எங்கள் எல்லோரையும்விடப் பெரிய சத்தம் லோகநாதனிடமிருந்து. ஆனால் உள்ளுக்குள் எனக்கு ஒரு உறுத்தல். தன் வீடு சுத்தமான பிறகு யார் வருவார்கள்? இடுப்பு விட்டுப்போயிருக்கும், ஆபீஸ் கூப்பிட்டிருக்கும். நானாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன்.

நம் முறை வந்த அன்று காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. லோகநாதன் போய் ஏதோ சொல்லி அதை அனுப்பிவிட்டுத் துடைப்பத்தோடு வந்தார். பின்னாலேயே தெரு மொத்தமும் வந்தது. "கடைசி ஊடு, ஜமாய்ச்சிடலாம்" என்று குமாரி புடவையை இழுத்துச் செருகினாள். நம் வீடு அன்றைக்குத் தேய்பட்ட மாதிரி கட்டிய நாளிலிருந்து தேய்பட்டதே இல்லை. உன் இஞ்சினியரிங் புத்தகங்கள் ஊதி ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவுக்கு ஆகியிருந்தன, அவற்றை விட்டுவிட்டோம், நீ திறந்ததும் இல்லை. போட்டோக்களை மட்டும் குமாரி ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டாள். ஒன்றாம் வகுப்பு மாறுவேடப் போட்டியில் நீ காய்கறிக்காரி வேஷம் போட்ட போட்டோ இரண்டு நாள் தெருவைப் பார்த்துக் காய்ந்தது. எல்லோரும் பார்த்தார்கள். பொட்டு உனக்கு நன்றாக இருந்ததாக விஜயா சொல்லச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தையில் நீ வீடு கட்ட மனை போட வருகிறாய். வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் உசத்திக் கட்டு, நான் தடுக்க மாட்டேன். மேடு எவ்வளவு உபயோகம் என்று அந்த மேட்டில் படுத்துத் தூங்கிய எனக்குத் தெரியும். நான் கேட்பது தெருவிலிருந்து கால்வாய் வரைக்கும் மனை ஓரமாக ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு இடம் விட்டுச் சுவர் எடு என்பதுதான். உன் காசு, உன் இடம், அதில் ஒரு துண்டு போகிறது, வலிக்கும். பத்திரத்தில் அது உன்னுடையதாகவே இருக்கட்டும், மழை பெய்யும்போது மட்டும் தெருவுடையதாக இருக்கட்டும். நான் யாரிடமும் உன் சார்பில் வாக்குக் கொடுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை லோகநாதன் சம்மட்டியோடு இறங்கி, தெருவை மறித்துத் தான் போட்டிருந்த சரிவைத் தானே இடித்துவிட்டார். வண்டியை எப்படி ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். "பலகை போட்டு ஏத்திக்கிறேங்கா. தண்ணிக்குப் பலகை போட முடியாது பாரு" என்றார். உன் சுவர்க் கற்களில் உடையாதவற்றைச் சேற்றிலிருந்து பொறுக்கிக் கழுவி உன் மனையிலேயே அடுக்கி வைத்திருப்பதும் தெருக்காரர்கள்தான். "தம்பி வரட்டும். அவரு எடம். எங்க சொல்றாரோ அங்க நாங்களே சேந்து கட்டிக் குடுத்துடறோம், மேஸ்திரி கூலி வேணாம்" என்று லோகநாதன் சொல்லச் சொன்னார். நீ பழைய இடத்திலேயே கட்டச் சொன்னாலும் கட்டித்தான் தருவார்கள், நைனா. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பூஜை முடிந்ததும் மேஸ்திரி உன் கையில் சுண்ணாம்புப் பொடியைக் கொடுத்துச் சுவர் எங்கே வரும் என்று கோடு போடச் சொல்வார். தெருவே வந்து நிற்கும். ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். நானும் திறக்க மாட்டேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்கே தெரியும். கட்டி முடித்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நீ பெங்களூருக்குப் போய்விடுவாய். போக வேண்டியதுதான், அங்கே உன் வேலை இருக்கிறது, உன் குடும்பம் இருக்கிறது, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் எங்களுக்கு வயதாகிறது. அடுத்த பெருமழையில் உன் அப்பாவையும் என்னையும் தூக்கிக்கொண்டு போகப் போகிறவன் நீ இல்லை. அன்றைக்கு உன்னைச் சுற்றி வாய் மூடி நிற்கப்போகிறார்களே, அவர்கள்தான். குனிந்து கோடு போடும் முன் ஒரு தடவை நிமிர்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா